கணினி கேம்கள் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஒரே கேமுக்கு நாட்டுக்கு நாடு ஏன் வேறு விலை? முன்பதிவுத் தள்ளுபடியில் வாங்கலாமா?

விலையை முடிவு செய்வது ஸ்டீம் இல்லை, கேமை வெளியிடும் நிறுவனம். டாலர் விலையைப் போட்டதும், ரூபாய் உட்பட மற்ற நாணயங்களுக்கு ஸ்டீம் ஒரு பரிந்துரை விலை காட்டும். அது வெறும் செலாவணிக் கணக்கு அல்ல, அந்த நாட்டு மக்களின் வாங்கும் சக்தியையும் பார்த்துப் போடுவது. ஏற்பதும் மாற்றுவதும் நிறுவனத்தின் விருப்பம். அதனால்தான் ஒரு கேம் இந்தியாவில் பாதி விலைக்குக் கிடைக்கிறது, இன்னொன்று டாலரை அப்படியே பெருக்கிய விலையில் நிற்கிறது.

அர்ஜென்டினாவையும் துருக்கியையும் பாருங்கள். அவற்றின் நாணயங்களான பெசோவும் லிராவும் சரியச் சரிய, அங்கே கேம்கள் அடிமாட்டு விலைக்கு வந்தன. வெளிநாட்டுக்காரர்கள் கணக்கின் நாட்டை மாற்றிக் காட்டி வாங்கிக் குவித்தார்கள். 2023 நவம்பர் 20 முதல் இரண்டு நாடுகளுக்கும் டாலர் விலைதான். அடி விழுந்தது உள்ளூர் ஆட்களுக்கு. எனக்கு இன்றும் அது ஆறவில்லை. தயவுசெய்து விபிஎன் (வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டும் மென்பொருள்) போட்டு வாங்காதீர்கள், ஸ்டீம் விதிக்கும் எதிரானது.

சரி, முன்பதிவு. தள்ளுபடி பெரும்பாலும் 10 சதவீதம் போலத்தான் இருக்கும். டிஜிட்டல் பிரதி தீர்ந்துபோகாது, காத்திருக்கலாம். ஆசைப்பட்டு வாங்கிவிட்டால், வெளியாகும் முன் எப்போது வேண்டுமானாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வெளியான பிறகு 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் மட்டுமே. அந்த நேரத்தைக் கதையில் செலவழிக்காமல், உங்கள் கணினியில் திக்காமல் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.