மரத்தை வெட்டாமல் காகிதம் செய்ய முடியுமா?

முடியும். காகிதத்துக்குத் தேவை மரமல்ல, செல்லுலோஸ் என்ற நார்ப்பொருள். அறுவடைக்குப்பின் மிஞ்சும் வைக்கோலிலும், சாறு பிழிந்த கரும்புச் சக்கையிலும் அது உண்டு. இவற்றிலிருந்து எடுப்பதே வேளாண் நார். நார்களைப் பசைபோலப் பிணைக்கும் லிக்னின் வைக்கோலில் மரத்தைவிடக் குறைவு, அதனால் கூழாக்குவது எளிது. சொல்லப்போனால், மரக்கூழ்க் காகிதம் பரவியதே 19ஆம் நூற்றாண்டில்தான். அதற்குமுன் ஐரோப்பாவில் கந்தல் துணியே மூலப்பொருள்.

பல நூறு ஆண்டு வளர்ந்த காட்டை, ஒரே நாளில் குப்பைக்குப் போகும் அட்டைப்பெட்டிக்காக வெட்டுவது, கொல்லையில் சுள்ளி குவிந்திருக்க வீட்டுத் தூணைப் பிளந்து அடுப்பெரிப்பது போல. கன்று நட்டுவிடலாம்தான், அந்தப் பழங்காட்டை நம்பி வாழ்ந்த உயிர்கள் எங்கே போகும்?

வைக்கோல் காகிதம் மட்டமானது என்பது தவறான எண்ணம்: அதன் நார் குட்டையானது, ஆனால் அதுவே எழுதும் தாளுக்கு வழவழப்பைத் தருகிறது, வலு கூடுதலாக வேண்டுமென்றால் நீண்ட நாரைக் கலந்துகொள்ளலாம்.