சிறப்புநிலை வந்தால் வகுப்பில் என்ன மாறும்?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியையாக 20 ஆண்டுகள் முடியப்போகின்றன. சிறப்புநிலைக்கு என்னென்ன வேண்டும்? இங்கிலாந்தில் மூத்த ஆசிரியர்களுக்கென ஒரு தகுதி இருந்ததாமே, அதுவும் இதுவும் ஒன்றா?
- வாசகி, பள்ளத்தூர்

பதில்: பதவி மாறாமல் ஊதியம் மட்டும் உயரும் நிலைகள் இவை: ஒரே பதவியில் 10 ஆண்டு என்றால் தேர்வுநிலை, 20 என்றால் சிறப்புநிலை. இடைநிலை ஆசிரியராக இருந்து பதவி உயர்வில் வந்தவரென்றால், பட்டதாரி ஆசிரியரான நாளிலிருந்துதான் கணக்கு. பணிவரன்முறை ஆணை (பணியை முறைப்படுத்திய ஆணை), தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, தேர்வுநிலை ஆணை, சான்றிதழ்களின் உண்மைத்தன்மைக் கடிதம், ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இல்லை என்ற சான்று ஆகியவற்றோடு தலைமையாசிரியர் வழியாகக் கருத்துரு (முன்மொழிவு) அனுப்புங்கள். பெரும்பாலும் உண்மைத்தன்மைக் கடிதத்தில்தான் இழுபறி. அதை இப்போதே தேடி எடுத்துவிடுங்கள். மருத்துவச் சான்றில்லாத ஊதியமில்லா விடுப்பு இருந்தால் தேதி அந்த அளவு தள்ளிப்போகும். பணிப்பதிவேட்டில் அந்தப் பதிவை ஒருமுறை சரிபாருங்கள்.

இங்கிலாந்தில் 1998-இல் வந்தது வேறு சங்கதி. வெளியிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் வகுப்பைப் பார்த்துத் தகுதி தந்தார். ஊதியம் கூடியது, கூடவே வாரத்தில் ஒரு நாள் அளவுக்கு மற்றப் பள்ளி ஆசிரியர்களுக்கு உதவ நேரம் ஒதுக்கப்பட்டது. 2013-இல் ஊதிய விதிகள் மாறியபோது அந்தப் பதவியே போய்விட்டது. நம் சிறப்புநிலையில் சம்பளம் ஏறும், பாடவேளை அப்படியே இருக்கும்.

இருந்தாலும் அங்கே போல மற்ற ஆசிரியர்களுக்கு உதவத் தலைமையாசிரியரிடம் வாரம் இரண்டு பாடவேளை கேட்டுப் பாருங்கள். ஒன்றில் புதிய ஆசிரியரின் வகுப்பில் பின்பெஞ்சில் உட்காருங்கள். பார்க்க வேண்டியது அவரை அல்ல, பிள்ளைகளின் நோட்டை. ஆறாம் வகுப்பில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருப்பார்கள். மேல் எண்களைத் தனியாகவும் கீழ் எண்களைத் தனியாகவும் கூட்டிய கணக்கு அது. அரையே 2/5-ஐவிடப் பெரிது என்பதைக் காகிதப் பட்டையை மடித்து அந்த ஆசிரியரே பிள்ளைகளுக்குக் காட்டட்டும், நீங்கள் எழுந்து நடத்தாதீர்கள். இரண்டாவது பாடவேளை பேசுவதற்கு, அதுவும் அன்றே. குறிப்பெழுதி அலுவலகத்தில் கொடுத்தீர்களோ, மறுவாரம் உங்களை ஆய்வுக்கு வந்தவராகத்தான் பார்ப்பார்கள்.

கேள்வி: சிறப்புநிலை பெற்றால் தலைமையாசிரியர் பதவி உயர்வில் முன்னுரிமை உண்டா?
- வாசகர், தேவகோட்டை

பதில்: கிடையாது. பதவி உயர்வுக்குப் பணிமூப்புப் பட்டியல் தனி.