டிஸ்டோபியாவும் ரங்கநாதன் தெருவும்

அன்புள்ள ஐயா,

விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கடைசி செமஸ்டருக்கு ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து ஒரு டிஸ்டோபியா கதை, அதாவது கெட்டுப்போன எதிர்கால உலகத்தின் கதை, வைத்திருக்கிறோம். 2070-ல் சென்னை, சர்வாதிகார அரசு, அதை எதிர்க்கும் ஒருவன். அம்பத்தூரில் ஒரு பழைய ஷெட்டைப் பிடித்து, ஸ்மோக் மெஷின், நீல லைட், செயற்கை மழை எல்லாம் வைத்து டெஸ்ட் ஷூட் செய்தோம். போட்டுப் பார்த்தால் ஏதோ ஆல்பம் பாட்டு மாதிரி இருக்கிறது. பயமே வரவில்லை. ஹாலிவுட்டில் மட்டும் இதெல்லாம் எப்படி வேலை செய்கிறது? பட்ஜெட்தான் பிரச்சினையா?

எஸ்., பெரம்பூர்

அன்புள்ள எஸ்.,

பட்ஜெட் பிரச்சினை இல்லை. நீங்கள் வாடகைக்கு எடுத்த சாமான்கள் எங்கிருந்து வந்தவை என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

ரிட்லி ஸ்காட் 'பிளேட் ரன்னர்' (1982) எடுத்தபோது தெருக் காட்சிகளுக்குக் கிடைத்தது வார்னர் ஸ்டுடியோவுக்குள் இருந்த பழைய நியூயார்க் தெரு செட். எத்தனையோ படங்களில் வந்துபோன தெரு அது. செட் என்று தெரியாமல் இருக்க வேண்டும் என்பதும் அந்த இரவுக்கும் மழைக்கும் புகைக்கும் ஒரு காரணம். கதையும் புதிது இல்லை. நீளக் கோட்டு போட்ட துப்பறிவாளன், ஜன்னல் பட்டைகளின் இடுக்கில் விழும் வெளிச்சம், நம்ப முடியாத பெண் எல்லாம் 1940-களின் குற்றப் படங்களில் வந்தவைதான். இந்தப் பழைய ஜானரால், அதாவது கதை வகையால், ஒரு பெரிய லாபம் உண்டு. துப்பறிகிறவன் பணக்காரன் வீட்டுக் கதவையும் தட்டலாம், சந்துக்குள்ளும் நுழையலாம். யாரும் உட்கார்ந்து விளக்காமலேயே அந்த உலகம் முழுவதையும் நாம் சுற்றிப் பார்த்துவிடுகிறோம்.

சரி, அதில் பயம் எங்கே வருகிறது? நெரிசல், நனைந்த தெரு, ஆவி பறக்கும் நூடுல்ஸ் கடை, நாலு பாஷை கலந்த பேச்சு. அகலமான சாலையும் சொந்த காரும் வழக்கமாகிப்போன ஓர் அமெரிக்கருக்கு இது வீழ்ச்சி. நமக்கு இது தீபாவளிக்கு முந்தின வாரத்து ரங்கநாதன் தெரு. 'சில்ட்ரன் ஆஃப் மென்' (2006) படத்தில் லண்டன் கெட்டுப்போனதைக் காட்ட ரிக்‌ஷா விடுகிறார்கள். அதைப் பார்த்து பெரம்பூரில் யார் பயப்படுவார்கள்? உங்கள் டெஸ்ட் ஷூட் ஆல்பம் பாட்டாகத் தெரிந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

'பிளேட் ரன்னர்' கதை நடப்பது 2019 நவம்பரில். படம் முழுக்க மழை. நிஜமான 2019-ல் நமக்கு என்ன நடந்தது? சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நாலும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. தண்ணீர் இல்லாததால் சில ஐடி கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. அந்தக் கோடையில் ஒரு குடத்துடன் தெருவில் நின்ற யாரிடமும் செயற்கை மழையைக் காட்டிப் பயமுறுத்த முடியாது. கை தட்டிவிடுவார்கள்.

டிஸ்டோபியா ஜானர் ஆரம்பத்திலிருந்தே ஏற்றத்தாழ்வை இடமாக மாற்றிக் காட்டிவந்திருக்கிறது. ஃப்ரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' (1927) படத்தில் முதலாளிகள் உயரமான கட்டடங்களில், தொழிலாளிகள் நிலத்துக்கு அடியில். ஷிஃப்ட் மாறும் காட்சியை ஒருமுறை போட்டுப் பாருங்கள். உள்ளே போகும் வரிசையும் வெளியே வரும் வரிசையும் தலையைக் குனிந்தபடி நடக்கின்றன. வெளியே வருகிறவர்கள் மட்டும் இன்னும் மெதுவாக நடக்கிறார்கள். வசனம் இல்லாத காலத்தில் நடையின் வேகத்திலேயே ஒரு நாள் உழைப்பைச் சொல்லிவிட்டார் லாங். போங் ஜூன்-ஹோ 'ஸ்னோபியர்சர்' (2013) படத்தில் அதே மேல்கீழை ஒரு ரயிலாகப் படுக்க வைத்தார்.

சென்னையில் அந்த ஏற்றத்தாழ்வு தூரமாக இருக்கிறது. கூவம் கரையில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினோம். அங்கிருந்து விடிவதற்குள் பஸ் பிடித்து, பழைய பேட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கும் வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்க வருகிற பெண்கள் இருக்கிறார்கள். ஓஎம்ஆரில் ஒரு அடுக்குமாடி கேட்டில் அவர்களை நிறுத்தி, போன் நம்பர் கேட்டு, போட்டோ எடுத்து, பையைத் திறக்கச் சொல்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இதை எடுக்க 2070 வேண்டாம்.

டெக்னிக்கில் கடன் வாங்க வேண்டியது வேறு. 'சில்ட்ரன் ஆஃப் மென்' முதல் காட்சியைப் பாருங்கள். குழந்தைகளே பிறக்காமல் போன உலகம். ஒரு காபிக்கடை. உலகத்திலேயே வயதில் சின்னவன் செத்துப்போனான் என்று டிவியில் செய்தி ஓடுகிறது. அவனுக்கே வயது 18. எல்லாரும் அண்ணாந்து பார்த்தபடி உறைந்து நிற்கிறார்கள். நாயகன் தியோ இடித்துக்கொண்டு உள்ளே வந்து, காபி வாங்கி, ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போகிறான். கேமராவும் கட் இல்லாமல் கூடவே போகிறது. நடைபாதையில் நின்று காபியில் மது ஊற்றும்போது, இப்போது வெளியே வந்த கடை வெடிக்கிறது. அப்புறம் காதில் ஒரு ரீங்காரம். பிறகு ஒரு பாத்திரம் சொல்கிறது: அது காதின் செல்கள் சாகும் சத்தம், நின்றுவிட்டால் அந்த ஸ்ருதியை இனிக் கேட்கவே முடியாது.

இயக்குநர் குவாரோனும் ஒளிப்பதிவாளர் லுபெஸ்கியும் வைட் லென்ஸில் பின்னணியைத் தெளிவாக வைத்திருக்கிறார்கள். ரயில் நிலையத்தில் அகதிகள் கூண்டில் நிற்பது ஓரத்தில்தான் வருகிறது. நாயகன் நின்று வருத்தப்படுவதில்லை. பழகிவிட்டான். நம்மை உறுத்துவது அந்தப் பழக்கம்தான். நீங்கள் எல்லாரும் இப்போது பின்னணியைக் கரைத்து முகத்தை மட்டும் ஃபோகஸில் வைக்கிறீர்கள். அழகுதான். டிஸ்டோபியாவில் அந்தக் கரைந்த பகுதிதான் படமே.

உங்கள் 'எதிர்க்கும் ஒருவன்' பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தியோ அமைச்சகத்தில் குமாஸ்தா வேலை பார்க்கிறவன். டெரி கில்லியமின் 'பிரேசில்' (1985) நாயகனும் அரசாங்க குமாஸ்தா. இருவரும் அந்த அமைப்பின் சம்பளத்தில் சாப்பிடுகிறவர்கள். நம் சினிமாவில் முதலில் காலைக் காட்டி, அப்புறம் ஸ்லோமோஷனில் முகத்தைக் காட்டிவிட்டால் எந்த சர்வாதிகாரி வந்தாலும் தோற்கப்போகிறான் என்று தியேட்டருக்கே தெரிந்துவிடும். உங்கள் ஆளை அந்த கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியாக மாற்றிப் பாருங்கள். பையைத் திறக்கச் சொல்கிறவன் அவன்.

பட்ஜெட் பயம் இன்னும் போகவில்லை என்றால் பிரெஞ்சு இயக்குநர் கொடாரின் 'ஆல்ஃபாவில்' (1965) பாருங்கள். செட் கிடையாது. அன்றைய பாரிஸின் புதுக் கட்டடங்களை இரவில், கறுப்பு வெள்ளையில் எடுத்து வேற்று உலகம் என்று சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரின் குரலுக்கு, தொண்டையில் கருவி வைத்துப் பேசிய ஒருவரைப் பேச வைத்தார்.

ஷெட்டை விட்டுவிடுங்கள். ஸ்மோக் மெஷின் காசில் ஒரு நல்ல ரெக்கார்டர் வாடகைக்கு எடுத்து, கேட் பஸ்ஸர், இன்டர்காம், லாரியிலிருந்து சம்ப்பில் தண்ணீர் விழும் சத்தம் எல்லாவற்றையும் பிடித்து வாருங்கள். பின்னணி இசையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அடுக்குமாடி அசோசியேஷனிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஷூட்டிங் கேட்டோடு நின்றுவிடும்.

அன்புடன்