வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளினால்…

கேள்வி: என் ஸ்விஃப்ட்டை அவ்வப்போது இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டுகிறேன். 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் மாட்டியும் வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளுகிறது. முன் டயர்களில் வெளி ஓரம் மட்டும் தேய்கிறது. காயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர் தொகுப்பு) வாங்கலாமா? (காஞ்சிபுரம் வாசகர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கோளாறே அந்த ஸ்பிரிங்கில்தான் இருக்கும் போலிருக்கிறது. உங்கள் காரின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்). பாடியை அளவுக்கு மீறி இறக்கினால் லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே காரோடு இணைக்கும் கை) சக்கரப்பக்க முனை மேலேறிவிடும். பிறகு கார் சாயும்போது சக்கரத்துக்குக் கிடைக்க வேண்டிய நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேற்பக்கம் உள்நோக்கிச் சாய்வது) கிடைக்காது. ரோல் சென்டரும் (கார் பக்கவாட்டில் சாயும்போது சுழலும் மையப்புள்ளி) எடை மையத்தைவிட அதிகமாக இறங்கும். இரண்டுக்கும் இடையே தூரம் கூடுவதால் காரைச் சாய்க்கும் விசையும் கூடும். போதாக்குறைக்கு, பாதி வளைவிலேயே ஷாக் அப்சார்பர் பம்ப் ஸ்டாப்பில் (அமுங்கும் எல்லையில் இருக்கும் ரப்பர் தடுப்பு) போய் முட்டும். அந்த நொடியில் முன் டயர் பிடியை விடும்.

பழைய ஸ்பிரிங்கையே மாட்டுங்கள்; தாழ்த்தியே ஆக வேண்டுமென்றால் 20 மி.மீ. போதும். லோயர் ஆர்ம் புஷ் (ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் உறை) போல்ட்டுகளைத் தளர்த்தி, கார் நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது முறுக்குங்கள். ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும்.

அடுத்தது கேம்பர். ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) இணைக்கும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்றை எடுத்துவிட்டு, சாய்வை மாற்ற உதவும் கேம்பர் போல்ட் போடுங்கள். ஒரு டிகிரிக்குச் சற்று மேல் கிடைக்கும். டிராக்குக்கு மைனஸ் 2 டிகிரி நல்ல தொடக்கம். போல்ட் அவ்வளவு தராவிட்டால் மேலே கேம்பர் பிளேட் (ஸ்ட்ரட்டின் மேல்முனையை நகர்த்த உதவும் தகடு) தேவைப்படும். கேம்பர் மாறினால் டோவும் (சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறும். எனவே டோவைக் கடைசியில் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். அலைன்மென்ட் செய்யும்போது ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு மணல் மூட்டை வைப்பது நல்லது. கடைக்காரர் சிரிக்கட்டும். கேம்பர் போல்ட் மெலிந்தது, நழுவக்கூடும். பெயின்ட் பேனாவால் கோடு போட்டு, முதல் ஓட்டம் முடிந்ததும் பாருங்கள்.

டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் 28 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டி, பிட்டுக்கு (டிராக் ஓர நிறுத்தம்) வந்ததும் சூட்டோடு அளந்து 33 அளவுக்குச் சரிசெய்யுங்கள். வீடு திரும்பும்முன் சாலைக்கான வழக்கமான அளவுக்கு நிரப்ப மறக்காதீர்கள். ஊசி வைத்த வெப்பமானியால் டயரில் மூன்று இடம் அளந்தால் எல்லாம் தெரியும்: வெளி ஓரம் அதிகச் சூடானால் கேம்பர் போதவில்லை; நடு சூடானால் காற்று அதிகம்.

கேள்வி: பின்பக்கம் ஆன்டி ரோல் பார் (கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) போட்டால் இந்தத் தள்ளல் குறையுமா? (கோவை வாசகர்)

பதில்: குறையும். பின்பக்கம் விறைத்தால் வளைவில் எடைமாற்றத்தின் பெரும்பங்கை அதுவே ஏற்கும். வெளிப்பக்க முன் டயருக்குச் சுமை குறையும். உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பினால் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு: வேக வளைவில் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் வழுக்கிச் சுற்றும், மழையில் இன்னும் மோசம். பார் முனையில் விறைப்பை மாற்ற உள்ள துளைகளில் மிக மென்மையானதில் தொடங்குங்கள். கேம்பரை மாற்றும் அதே நாளில் இதையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

கேள்வி: காயில்ஓவரில் கீழ் வளையத்தை மேலே திருகினால் ஸ்பிரிங் விறைப்பாகுமா? (மதுரை வாசகர்)

பதில்: ஆகாது. சீரான சுற்றுள்ள ஸ்பிரிங் ஒரு மி.மீ. அமுங்க 5 கிலோ வேண்டுமென்றால், எவ்வளவு திருகினாலும் 5 கிலோதான். கார்தான் உயரும்.