விமானம் கட்டப் போகிறீர்களா? முன்பணம் கட்டும் முன் சில கேள்விகள்

(ஒரு விமானம் கட்டி முடித்து, இரண்டாவதில் கை வைத்திருக்கிறேன். வீட்டிலேயே விமானம் கட்ட நினைப்பவர்கள் கேட்டவற்றில் சில இங்கே. கிட் என்றால் நாமே சேர்த்துக் கட்டும்படி விற்கப்படும் விமானப் பாகங்களின் தொகுப்பு.)

கேள்வி: சார், ரொம்ப நாள் ஆசை. எந்தக் கிட் வாங்கலாம்?

கிட் இருக்கட்டும். உங்களுக்கு ஆசை கட்டுவதிலா, பறப்பதிலா? பறப்பதில்தான் என்றால் ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் பழைய விமானம் ஒன்றை வாங்கிவிடுங்கள். கட்டுவதற்கு 2,000 மணி நேரம் என்பது சாதாரணக் கணக்கு. வாரம் 10 மணி நேரம் ஒதுக்கினால் நாலு வருஷம், அதுவும் ஒரு வாரம்கூடத் தவறாமல். இவ்வளவுக்குப் பிறகும் கட்டத்தான் ஆசை என்றால், மனதில் உள்ள மாடலில் ஒரு முறையாவது ஏறி உட்காருங்கள். தலை மேல்மூடியில் இடிக்கிறதா என்பதை எந்தப் படமும் சொல்லாது.

கேள்வி: புது நிறுவனம் ஒன்று. வேகம் அதிகம், விலை குறைவு. இந்த மாதமே முன்பணம் கட்டினால் சலுகையாம். கட்டலாமா அண்ணா?

எத்தனை விற்றிருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள். எத்தனை பறக்கிறது என்று நீங்கள் கேளுங்கள். 1970களில் ஜிம் பீடி கொண்டுவந்த பிடி-5 என்ற குட்டி ஒற்றை இருக்கை விமானத்துக்கு ஊரே மயங்கியது. கிட்களும் வரைபடங்களுமாக 5,000-க்கும் மேல் விற்றன. உடல் பாகங்கள் வந்தன, எஞ்சின் வரவில்லை. எஞ்சின் தரவேண்டிய ஜெர்மன் நிறுவனம் திவால். 1979-இல் பீடியின் நிறுவனமும் திவால். கட்டி முடித்தவை சில நூறுதான்.

உண்மை தெரிந்துகொள்ள இன்னொரு வழியும் உண்டு. பாதியில் நின்ற கிட்கள் அவ்வப்போது விற்பனைக்கு வரும். வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் விற்பவரிடம் பேசி, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள். வரைபடம் புரியவில்லை, பாகம் வரவில்லை, வீட்டில் சண்டை என்று மனசு விட்டுச் சொல்வார்கள். எனக்கு இப்படிப்பட்ட நாலு பேர் சொன்னது எந்த விளம்பரத் தாளிலும் இல்லை.

கேள்வி: கார் எஞ்சின் போட்டால் செலவு மிச்சமாகுமே?

எஞ்சினில் மிச்சமாகும். விமானத்துக்கென்றே செய்த லைகாமிங் ஓ-320 எஞ்சின் நிமிடத்துக்கு 2,700 சுற்றிலேயே முழுச் சக்தி தரும், புரொப்பெல்லரை நேரடியாக மாட்டலாம். கார் எஞ்சின் சக்தி காட்ட அதைவிட வேகமாகச் சுற்ற வேண்டும்; அந்த வேகத்தில் புரொப்பெல்லரின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கிவிடும். ஆகவே நடுவில் ஒரு கியர்பாக்ஸ். அது வந்தால் முறுக்கு அதிர்வு, கூடவே ரேடியேட்டர், அதற்குக் காற்றுப் பாதை, எல்லாம் சேர்ந்து எடை. அமெரிக்காவில் சான்றிதழ் பெற்ற எஞ்சின்-புரொப்பெல்லர் ஜோடிக்குச் சோதனைப் பறப்பு வழக்கமாக 25 மணி நேரம், கார் எஞ்சின் போன்ற மற்றவற்றுக்கு 40. எஞ்சினோடு மல்லுக்கட்டுவதே உங்களுக்குப் பொழுதுபோக்கு என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

கேள்வி: வரைபடத்தில் சின்னச் சின்ன மாற்றம் செய்யலாம்தானே?

பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸீ என்ற விமானத்தில், எந்தத் தொட்டியிலிருந்து எரிபொருள் வர வேண்டும் என்று மாற்றும் வால்வு விமானியின் கால்களுக்கு நடுவே இருக்கும். ஒருவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். எரிபொருள் குழாய் காக்பிட்டுக்குள் வேண்டாம் என்பது அவர் எண்ணம், நல்ல எண்ணம்தான். அந்த விமானத்தைப் பிறகு வாங்கியவர் பாடகர் ஜான் டென்வர். 1997 அக்டோபரில் அந்த வால்வைத் திருப்ப முயன்றபோது கட்டுப்பாட்டை இழந்து கடலில் விழுந்து இறந்தார். கைப்பிடியை எட்ட உடம்பைத் திருப்பினால், கால் தன்னையறியாமல் ரடர் பெடலை (விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் மிதி) அழுத்திவிடும் என்பது விசாரணையில் தெரிந்தது.

இருக்கைத் துணியின் நிறத்தை உங்கள் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளுங்கள். மற்றதற்கெல்லாம் வடிவமைத்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: நாலைந்து விமானம் கட்டி விற்றுத் தொழிலாகச் செய்ய முடியுமா?

முதலில் உங்கள் நாட்டு விதியைப் படியுங்கள். அமெரிக்காவில் வீட்டில் கட்டும் விமானங்களுக்கான விதிக்கு 51 சதவீத விதி என்று பெயர்: பெரும்பகுதி வேலையைத் தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுபவர்களே செய்திருக்க வேண்டும். கூலிக்குக் கட்டிக்கொடுக்கும் தொழிலுக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது.

கிட் விற்கும் தொழில் வேறு. ஆனால் 10,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் பறந்துவிட்ட வேன்ஸ் என்ற கிட் நிறுவனமே 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்புக்கு மனுப்போட்டது. லேசரில் வெட்டிய பாகங்களின் துளைகளில் விரிசல் வந்தது ஒரு காரணம். அடுத்த ஆண்டு மீண்டுவிட்டார்கள். விற்ற பாகங்களை ஒருநாள் மாற்றிக்கொடுக்க நேர்ந்தால் உங்கள் கையில் பணம் இருக்குமா? தொழில் திட்டத்தில் அதற்கு ஒரு வரி இருக்கட்டும்.

கேள்வி: அலுமினியமா, ஃபைபரா?

உங்கள் தோலைக் கேளுங்கள். ஃபைபரை ஒட்டும் எப்பாக்ஸி பிசின் சிலருக்கு நாளடைவில் அலர்ஜியாகி, அதன் பிறகு தொடவே முடியாமல் போகும். அலுமினியம் என்றால் பழைய தகட்டுத் துண்டில் 50 ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) அடித்துப் பாருங்கள். நசுங்கிய தலை ரிவெட் தண்டின் விட்டத்தில் ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்க வேண்டும். ஐம்பதாவது ரிவெட்டையும் பொறுமையாக அளந்தீர்களா? வால் பகுதிக் கிட்டை மட்டும் வாங்குங்கள். மீதியை அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: கட்டி முடித்த பிறகு அறையைவிட்டு வெளியே எடுக்க முடியுமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி. கதவை அளந்துவிடுங்கள். நான் அளக்கவில்லை, ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்துத்தான் வெளியே எடுத்தேன்.