அறைச் சூட்டிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்: ஓவர்கிளாக் வெப்பம் குறித்த கேள்வி பதில்

பல ஆண்டுகளாக மேசைக் கணினிகளைப் பூட்டியும் பழுது பார்த்தும் வருகிறேன். ஓவர்கிளாக் செய்வோர், அதாவது பிராசஸரை அதற்கு வகுத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவோர், கேட்டிருந்தவற்றில் வெப்பத்தைப் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். வெப்பநிலைகள் அனைத்தும் செல்சியஸ் அளவில் உள்ளன.

கேள்வி (மதுரை): ஐயா, 1.20 வோல்ட்டில் 4.6 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிய பிராசஸரை 5.0 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினேன். நிலையாக ஓடுவதற்கு 1.35 வோல்ட் கொடுக்க வேண்டியிருந்தது. வேகம் ஒன்பது சதவீதம்தான் கூடியது. வெப்பநிலையோ 75 பாகையிலிருந்து 92 பாகைக்குப் போய்விட்டது. அறை 30 பாகையில் இருக்கிறது. கூலரை மாற்றட்டுமா?

பதில்: கூலரில் குறையில்லை, கணக்கே அப்படித்தான் வரும். பிராசஸர் இழுக்கும் மின்திறன் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் உயர்கிறது. உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தால், வேகத்தால் 9 சதவீதமும் மின்னழுத்தத்தால் 27 சதவீதமும் கூடி, மொத்தத்தில் சுமார் 38 சதவீத வெப்பம் ஏறியிருக்கிறது. முன்பு அறைச் சூட்டுக்கு மேல் 45 பாகை நின்ற பிராசஸர் இப்போது 62 பாகை மேலே நிற்கிறது. 30 உடன் 62 சேர்ந்தால் 92. கூலர் தன் வேலையை அப்பழுக்கில்லாமல் செய்திருக்கிறது.

இதே பிராசஸர் 1.26 வோல்ட்டில் 4.8 கிகாஹெர்ட்ஸ் நிலையாக ஓடினால், கூடுதல் வெப்பம் 15 சதவீதத்தோடு நின்றுவிடும். கடைசி 200 மெகாஹெர்ட்ஸுக்குத்தான் சிலிக்கான் அளவுக்கு மீறிய விலை கேட்கிறது. நல்ல கூலரைக் கழற்றிப் போட்டுவிட்டு அதைவிட விலை கூடியதை வாங்கி, அதிலும் நான்கைந்து பாகைதான் குறைந்தது என்று வருந்தும் நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். வெப்பத்தை அது பிறக்கும் இடத்திலேயே, அதாவது பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) மின்னழுத்தத்தை 0.01 வோல்ட் வீதம் இறக்கிச் சோதித்துக் குறைப்பதே முதல் வேலை. அதற்குக் காசு செலவில்லை.

கேள்வி (வேலூர்): நான் வாங்கிய கூலரையும் இதே பிராசஸரையும் வைத்துச் செய்த சோதனை ஒன்றில் 72 பாகை என்று காட்டினார்கள். என் வீட்டில் 88 காட்டுகிறது. போலிப் பொருளாக இருக்குமோ?

பதில்: மே மாதத்து வேலூர் மதியத்தில் உங்கள் அறை 37 பாகையில் இருந்திருக்கும். சோதனைக்கூடங்களோ பெரும்பாலும் 21, 22 பாகையில் வைக்கப்பட்டிருக்கும். இந்த 15, 16 பாகை அப்படியே உங்கள் அளவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எந்த ஹீட்சிங்க்கும் (வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்தும் உலோகத் தகட்டுத் தொகுதி), எந்தத் தண்ணீர்க் கூலரும், அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாகப் பிராசஸரை வைக்க முடியாது. ஆகவே சென்சார் காட்டும் எண்ணிலிருந்து அறையின் வெப்பநிலையைக் கழித்து, அந்த மிச்சத்தை மட்டும் ஒப்பிடுங்கள். தெர்மாமீட்டரைச் சுவரில் மாட்டாமல், கேபினெட்டின் முன்புறத்தில் ஃபேன் காற்றை உறிஞ்சும் இடத்துக்கு ஒரு சாண் முன்னால் வையுங்கள். கேபினெட்டை மேசையின் கீழ் மர அறைக்குள் தள்ளி வைத்திருந்தால், அங்கே அறையைவிடச் சில பாகைகள் கூடுதலாக இருப்பதை அப்போது கண்ணாலேயே காண்பீர்கள்.

கேள்வி (சென்னை, கல்லூரி மாணவர்): அண்ணா, என் ரைசன் 7000 வரிசை பிராசஸர் முழுச் சுமையில் 95 பாகையைத் தொட்டு அங்கேயே நிற்கிறது. எரிந்துவிடுமா?

பதில்: எரியாது, தம்பி. 2022இல் வந்த அந்த வரிசையின் பெரும்பாலான மாடல்களுக்கு 95 பாகைதான் ஏஎம்டி வகுத்த மேல் எல்லை. முழுச் சுமையில் அந்த எல்லை வரை சென்று வேகத்தைத் தானே சரிசெய்துகொள்ளும்படியே அதை வடிவமைத்திருக்கிறார்கள். 7800எக்ஸ்3டி போன்றவற்றுக்கு எல்லை 89. இன்டெலின் 12 முதல் 14ஆம் தலைமுறை வரையிலான மேசைக் கணினி பிராசஸர்களில் அது பெரும்பாலும் 100 பாகை. எல்லையைத் தொட்டதும் பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அதையும் மீறினால் கணினி தானாக அணைந்துவிடும். ஆனால் வேகம் குறைந்துவிட்டால் நீங்கள் செய்த ஓவர்கிளாக்கால் என்ன பயன்?

எனக்கு உண்மையில் கவலை தருவது, உயர்ந்த வெப்பமும் உயர்ந்த மின்னழுத்தமும் மாதக்கணக்கில் சேர்ந்திருப்பதுதான். அப்போது சில்லினுள் இருக்கும் நுண்கம்பிகளில் உலோக அணுக்கள் மெல்ல மெல்ல இடம்பெயர்கின்றன. முதலில் நிலையாக ஓடிய அதே வேகத்துக்குப் பிறகு கூடுதல் வோல்ட் தேவைப்படுகிறது. 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை பிராசஸர்கள் சில நிலைகுலைந்ததற்கு, தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தம் காரணம் என்று அந்நிறுவனமே அறிவித்து, மைக்ரோகோடைத் (பிராசஸருக்குள் இயங்கும் அடிப்படை நிரலை) திருத்தி வெளியிட்டது. கோடை மதியத்தில், முழுச் சுமையில் 85 பாகைக்குள் நிற்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை.

கேள்வி (கோவை): இரட்டைக் கோபுர ஏர் கூலர், 360 மில்லிமீட்டர் லிக்விட் கூலர் இரண்டில் எது?

பதில்: இழுக்கும் வாட் அளவைப் பாருங்கள். 180 வாட் வரை நல்ல இரட்டைக் கோபுரமே போதும் என்பது என் அனுபவம். கோர் ஐ9-13900கே போல 253 வாட் வரை இழுப்பதற்கு 360 தேவை. அந்தப் பிராசஸரின் மின்திறன் வரம்புகளையும் அவிழ்த்துவிட்டால் 360உம் திணறும்.

தண்ணீரின் உண்மையான பலம், அது வெப்பத்தைத் தேக்கிவைத்துக்கொள்வது. ஐந்து நிமிட வேலையில் தண்ணீர் சூடாவதற்குள் வேலையே முடிந்துவிடும். அதனால் லிக்விட் கூலர் பிரமாதமாகத் தெரியும். இரண்டு மணி நேரம் வீடியோ ரெண்டர் செய்தால், ரேடியேட்டர் (தண்ணீரின் சூட்டை வெளியேற்றும் தகட்டுத் தொகுதி) வழியே காற்றுக்குக் கடத்தப்படுவது மட்டுமே கணக்கு. மேலும், ரைசன் 7000இல் எட்டுக் கோர்களும் (கணக்கிடும் பிரிவுகளும்) இருக்கும் சில்லு சுமார் 70 சதுர மில்லிமீட்டர்தான். ஒரு தபால்தலையைவிடச் சிறியது. அவ்வளவு குறுகிய இடத்திலிருந்து வெப்பம் வெளியே வருவதே முட்டுப்பாடு என்பதால், கூலரை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓர் எல்லைக்கு மேல் பலன் குறைந்துகொண்டே போகிறது.

லிக்விட் கூலர் வாங்குபவர்கள் இரண்டை மறக்க வேண்டாம். ரேடியேட்டரின் மேல்முனை பம்ப்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் உள்ளே மிச்சமிருக்கும் காற்று பம்ப்பில் வந்து சேரும். ஏர் கூலரின் ஃபேன் போகிற போக்கில் மதர்போர்டில் பிராசஸருக்கு மின்னழுத்தத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதிக்கும் காற்று வீசிவந்தது. அதை எடுத்துவிட்டால் விஆர்எம் அனாதையாகிவிடும். அதற்கென்று ஒரு காற்றோட்டத்தை அமைத்துக் கொடுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): தெர்மல் பேஸ்ட் எவ்வளவு பூச வேண்டும்? நான் தடிப்பாகப் பூசியும் ஒரு கோர் மட்டும் மற்றவற்றைவிட 14 பாகை கூடுதலாகக் காட்டுகிறது.

பதில்: உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே உள்ள கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை நிரப்பத்தான் பேஸ்ட். செம்பு கடத்தும் வெப்பத்தில் சில சதவீதமே அது கடத்தும். ஆகவே தடிப்பு கூடினால் தடையும் கூடும். ஒரு பட்டாணி அளவு, பெரிய பிராசஸருக்குக் கூடுதலாக நான்கு மூலைகளிலும் சிறு புள்ளி, அவ்வளவுதான்.

உங்கள் சிக்கல் அளவில் இல்லை என்று நினைக்கிறேன். சென்ற ஆண்டு என்னிடம் இதே குறையோடு ஒரு கணினி வந்தது. கூலரைக் கழற்றித் திருப்பிப் பார்த்தபோது, செம்புத் தட்டின் இடப்பக்கம் பேஸ்ட் கண்ணாடி போல மெலிந்து, செம்பின் நிறமே தெரிந்தது. வலப்பக்கமோ குழாயிலிருந்து பிதுக்கிய மேனிக்கு வெள்ளையாகக் கட்டியாக நின்றது. ஒரு திருகை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறார்கள். எல்லாத் திருகுகளையும் இரண்டிரண்டு சுற்றாக, மூலைக்கு மூலை மாறி மாறி முறுக்கியதும் கோர்களுக்கிடையே இருந்த வித்தியாசம் 5 பாகைக்குள் வந்துவிட்டது. முதலில் உங்கள் கூலரைக் கழற்றி அந்தத் தடத்தைப் பாருங்கள்.

கேள்வி (திருச்சி): பேஸ்ட்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல்?

பதில்: வேண்டாம். அதில் இருக்கும் காலியம் அலுமினியத்தை அரித்து உதிரச் செய்துவிடும். மின்சாரத்தையும் கடத்துவதால் ஒரு துளி வழிந்தால் மதர்போர்டு போகும். 2012இன் இன்டெல் ஐவி பிரிட்ஜ் பிராசஸர்களின் காலத்தில், சில்லுக்கும் அதன் மேலுள்ள உலோக மூடிக்கும் நடுவே சாதாரணப் பேஸ்ட் இருந்ததால் மூடியைப் பெயர்த்து இதைப் பூசியவர்களுக்குப் பெரும் பலன் கிடைத்தது. 2018இன் கோர் ஐ9-9900கேயில் அந்த இடத்தில் மீண்டும் சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகம்) வந்துவிட்டது.

கேள்வி (சேலம்): கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு மேசை ஃபேனைத் திருப்பி வைத்தால் 9 பாகை குறைகிறது. இப்படியே விட்டுவிடலாமா?

பதில்: சோதனையாக இது மிகச் சிறந்தது, ஏற்பாடாக வேண்டாம். மூடியைத் திறந்ததும் இவ்வளவு குறைந்தால், உங்கள் கேபினெட்டுக்குள் காற்று போதவில்லை என்று அறிந்துகொள்ளலாம். கணினி 400 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது என்றால், உள்ளே வரும் காற்று 10 பாகைக்கு மேல் சூடாகாமல் வெளியேற நிமிடத்துக்குச் சுமார் 2 கன மீட்டர், அதாவது 73 கன அடி காற்று ஓட வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஃபேன் அளவு திறந்தவெளிக்கு உரியது. தூசி வலையும் கம்பி வலையும் குறுக்கே வந்தால் அது பாதியளவுக்கு இறங்கிவிடுவதுண்டு. முன்னால் இரண்டு உள்ளிழுக்கவும் பின்னால் ஒன்று வெளித்தள்ளவும் இருக்கட்டும்.

திறந்தே விட்டால் நம் ஊர்த் தூசி ஹீட்சிங்க்கின் தகடுகளில் போய்ப் படியும். மேலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். ஃபேனைக் கழற்றினால், அதற்கும் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளித் துணி போல ஒரு படலம் முழுதாக உரிந்து வரும். மாதம் ஒருமுறை முன் வலையைக் கழுவுவது எந்தப் புதிய கூலரையும்விட மலிவு.

கேள்வி (சென்னை): ஏசியின் வாயிலிருந்து குழாய் வைத்து, குளிர்காற்றை நேராகக் கேபினெட்டுக்குள் விடலாமா?

பதில்: அறையைக் குளிர்விப்பது நல்லது, குழாய் வைப்பது ஆபத்து. 32 பாகையும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில், சுமார் 26 பாகைக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் பூக்கும். ஏசி ஓடும்வரை அறைக் காற்று உலர்ந்திருக்கும். கதவும் சன்னலும் திறந்து வெளிக்காற்று உள்ளே வரும் நேரத்தில், குளிர்ந்துபோன கேபினெட் தகட்டில் குளிர்நீர்ச் செம்பின் வெளிப்புறம் போலத் துளிகள் நிற்கும். கூடுதல் சுமையை எண்ணி அஞ்ச வேண்டாம்: ஒரு டன் ஏசி சுமார் 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும், 500 வாட் கணினி அதில் ஏழில் ஒரு பங்கு.

கேள்வி (திருநெல்வேலி): எல்லாம் முடித்த பின் எவ்வளவு நேரம் சோதிக்க வேண்டும்?

பதில்: ஏர் கூலர் கால் மணி நேரத்தில் தன் நிலைக்கு வந்துவிடும், லிக்விட் கூலருக்கு அரை மணி நேரமாவது கொடுங்கள். பிரைம்95 என்ற சோதனை மென்பொருளின் சிறு எஃப்எஃப்டி சோதனை அன்றாட வேலைகள் எதையும்விடக் கடுமையானது. அதில் 95 பாகை வந்தால் பதறாமல், நீங்கள் நாள்தோறும் செய்யும் ரெண்டரையோ விளையாட்டையோ ஒரு மணி நேரம் ஓட்டி, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் வெப்பநிலையோடு வேகத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சோதனையை இரவில் செய்யாமல், பிற்பகல் இரண்டு மணிக்கு, ஏசியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். ஜனவரியில் அமைத்த ஓவர்கிளாக்காக இருந்தால், சித்திரை பிறந்ததும் மறுபடி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.