ஜெயிக்க ஒன்றும் இல்லாவிட்டால் அது விளையாட்டு இல்லையா?

கேள்வி இது: சண்டை கிடையாது, புள்ளி கிடையாது, தோற்கவும் வழி கிடையாது, சும்மா நடந்துகொண்டே கதை கேட்கும் இவற்றையெல்லாம் வீடியோ கேம் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமா?

ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது என் பதில். இவற்றுக்கு 'வாக்கிங் சிமுலேட்டர்', அதாவது நடப்பதைப் பாவனை செய்யும் கேம், என்று ஒரு பெயர் உண்டு. கேலியாகத்தான் முதலில் அப்படிச் சொன்னார்கள், இப்போது அதுவே வகையின் பெயராக நிலைத்துவிட்டது. எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது.

மூணாறுக்குப் பக்கத்தில், தேவிகுளம் தாலுகாவில் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன் நான். வீட்டில் தமிழ், வெளியே பாதி மலையாளம். மலையாளத்தில் விளையாட்டுக்குக் 'களி' என்று பெயர். சீட்டுகளியும் களிதான், பந்துகளியும் களிதான், கதகளியும் களிதான். கதையும் களியும் ஒரே சொல்லுக்குள் சேர்ந்து உட்கார்ந்திருப்பதில் இங்கே யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. தமிழில் மட்டும் என்ன? லயத்து வாசலில் கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடினோம். இலையைக் காசாக வைத்துக் கடை நடத்தி விளையாடினோம். ஒரு நாளும் யாரும் ஜெயித்ததில்லை. ஆனால் நடுவில் ஒருத்தி எழுந்து போய்விட்டால் எல்லாம் கலைந்துவிடும். பார்க்க ஆள் இல்லாவிட்டால் பரவாயில்லை, ஆட ஆள் இருந்தாக வேண்டும். விளையாட்டுக்கு நான் வைக்கும் அளவுகோல் இதுதான்.

அப்படியானால் சினிமாவும் விளையாட்டா என்று அடுத்து கேட்பீர்கள். இல்லை. நான் தூங்கிவிட்டாலும் சினிமா ஓடி முடிந்துவிடும்.

2013இல் வந்த 'கான் ஹோம்' என்ற கேம் அப்படி இல்லை, ஆட ஆள் வேண்டும். 1995ஆம் ஆண்டு ஜூன் மாதத்து மழை இரவு. ஐரோப்பாவில் சுற்றிவிட்டு அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து வீட்டுக்குத் திரும்புகிறாள் மூத்த மகள். வீட்டில் ஒருவரும் இல்லை. ஒவ்வொரு அறையாகப் போய், இழுப்பறையைத் திறந்து, கடிதத்தை எடுத்துப் படித்து, தங்கைக்கு என்ன ஆயிற்று என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். பேய் பிசாசு எதுவும் இல்லை. ஆனாலும் போன இடமெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டே போனேன். இங்கேயும் அன்று ஜூன் மழைதான், ஓட்டுக்கூரை மேல் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. விளக்கைப் போடச் சொல்லி யாரும் எனக்குக் கட்டளை இடவில்லை. பயந்தது நான், போட்டதும் நான்.

'டியர் எஸ்தர்' விஷயத்தில் எதிர்த்தரப்பின் பொறுமையின்மை எனக்கும் கொஞ்சம் புரிகிறது. 'ஹாஃப் லைஃப் 2' என்ற துப்பாக்கிச் சண்டை கேமின் மேல் 2008இல் கட்டப்பட்டு, 2012இல் தனி கேமாக விற்பனைக்கு வந்தது அது. துப்பாக்கியை எடுத்துவிட்டு, ஸ்காட்லாந்துப் பக்கத்துத் தீவு ஒன்றையும் ஒரு குரலையும் மட்டும் வைத்திருக்கிறார்கள். நடப்பதைத் தவிர வேறு வேலையே இல்லை. அந்தக் குரல் பேசும் துணுக்குகள் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறி வரும் என்பதால் இருவர் ஒரே கதையைக் கேட்பதில்லை. அது நல்ல யோசனை. இருந்தும் இந்த வகையில் இதைத்தான் மெலிந்ததாக நினைக்கிறேன். மெலிந்த விளையாட்டும் விளையாட்டுதான்.

என்னை முழுதாகத் தன் பக்கம் இழுத்தது 2017இல் வந்த 'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்'. மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த கேம் விருதை வாங்கியது. ஒரு குடும்பத்தில் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அத்தியாயம். லூயிஸ் என்ற இளைஞனின் அத்தியாயத்தை முதலில் யூடியூபில்தான் பார்த்தேன். அழகான கார்ட்டூன் போல இருந்தது, அவ்வளவுதான். பிறகு லேப்டாப்பில் நானே விளையாடினேன்.

லூயிஸ் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். மவுஸைப் பிடித்த வலது கையால் மீனை இழுக்க வேண்டும், கத்திக்கு அடியில் கொண்டுபோய்த் தலையை வெட்ட வேண்டும், மேலே தள்ளிவிட வேண்டும். அடுத்த மீன் வந்துவிடும். இதற்கிடையே அவன் மனதில் ஒரு கற்பனை ராஜ்ஜியம் முளைக்கிறது. இடது கையால் கீபோர்டில் அங்கே நடக்க வேண்டும். முதலில் திரையின் மூலையில் சின்னதாகத் தெரியும் அந்த ராஜ்ஜியம் வளர்ந்து வளர்ந்து தொழிற்சாலையையே மூடிவிடுகிறது. ஆனால் மீன் வருவது நிற்காது. ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவன் ஒரு கட்டத்தில் திடுக்கிட்டேன். வலது கை, நான் பார்க்காமலே, இழுத்து வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. எத்தனை மீன் போயிற்று என்று தெரியவில்லை. லூயிஸுக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதைப் பின்னணியில் ஒரு குரல் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் எனக்குப் புரியவைத்தது என் கைதான். யூடியூபில் பார்த்தபோது இது கிடைக்கவில்லை, கிடைக்கவும் முடியாது. இதைக் கேம் இல்லை என்று சொல்பவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கேம் இல்லாமல் வேறு எதனால் இதைச் செய்ய முடியும்?

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடவும் முடியாது. கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் 2015 முதல் ஒரு விதி உண்டு: வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இந்த வகைக் கேம்களில் பல அந்த நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். 'இது கேமே இல்லை' என்று முழுதாக ஆடி முடித்தவர் பணத்தைத் திரும்ப வாங்கினால், அந்தச் சின்னக் குழு அடுத்ததை எப்படி உருவாக்கும்?

அம்மா எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர். முப்பது வருடம் அதே கை, அதே செடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை அவர் முன்னால் வைத்து லூயிஸின் அத்தியாயத்தைத் தொடங்கிக் கொடுத்தேன். மவுஸ் பிடிக்க முதலில் திணறினார். நான்காவது மீனுக்குள் கை பழகிவிட்டது. கீபோர்டை நான் பார்த்துக்கொண்டேன். ராஜ்ஜியம் திரையை நிறைத்தபோது, "கை அதுபாட்டுக்குப் போகும், மனசு சங்கரன்கோவிலுக்குப் போய்விடும். எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்றார். சங்கரன்கோவில் பக்கம்தான் அவர் பிறந்த ஊர்.

அந்த அத்தியாயத்தின் முடிவை இங்கே எழுத மாட்டேன். அது முடிந்த பிறகும் அம்மா மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை. "அந்தப் பையன் வேலையிலிருந்து வந்தால் பேச வீட்டில் ஒருவரும் இல்லையா, தம்பி?" என்று கேட்டார்.